செடிக்குப் பின்னால்

விளக்கு அணைந்ததும் பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே தொங்கிய படுதாவை இழுத்துத் திறந்துவிட்டார்கள். கம்பியில் வளையங்கள் உரசிக்கொண்டு ஓடின சத்தத்துக்கு மடியில் கிடந்த குழந்தை பாலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது. ஒன்றுமில்லை தாயி, ஒன்றுமில்லை என்று சிட்டம்மாள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். இந்தக் கொட்டகையில் எல்லாமே தலைகீழாக இருக்கிறது. வெளிச்சம் இருக்கும்போது படுதா மூடியிருக்கிறது, இருட்டானதும் திறந்துவிடுகிறார்கள். ஒரு பாகம் முடிந்து மேலே அறையில் அடுத்த சுருளை மாட்டுகிற வரைக்கும் விளக்கு எரியும், அந்த நேரத்தில் ஆண்கள் பெண்களைப் பார்த்துவிடக் கூடாது. இருட்டில் யார் யாரைப் பார்த்தால் என்ன என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அவள் இருட்டில்தான் பார்த்தாள். வெள்ளைத்துணியில் விழுந்த வெளிச்சம் திரும்பி வந்து ஆண்கள் பக்கத்துத் தலைகளில் பட்டபோது நடுவரிசையில் மூத்தாரின் தலை தெரிந்தது. அவள் புருஷனுக்கு அண்ணன், வேலாயுதம், கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல், துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். தம்பியின் முகம் அந்தத் துணியில் வருகிறதா என்று பார்க்க வந்திருக்கிறார், அவ்வளவுதான். வந்தால் ஒன்று, வராவிட்டால் ஒன்று. நேற்று முற்றத்தில் கால் கழுவிக்கொண்டே தன் பெண்சாதி சௌந்தரத்திடம் அவர் சொன்னது, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்ற இவளுக்குச் சொன்னதுதான். "அவன் மூஞ்சி படத்துல இருந்தா நான் வாயே தொறக்கல. கூத்தாடியோ கோமாளியோ, சொன்னதைச் செஞ்சிட்டான்னு இருந்துர்றேன். இல்லைன்னு வை, புளுகிட்டுத் திரியிறவன் எனக்குத் தம்பி இல்ல. அவளையும் பிள்ளையையும் நத்தத்துல அவ அப்பன் வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வந்துருவேன்." சொம்பிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம்தான் கேட்டது. அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து மூத்தார் முன்னால் சிட்டம்மாள் ஒரு வார்த்தை பேசியதில்லை. சோறு வேண்டுமா ரசம் வேண்டுமா என்பதுகூடச் சௌந்தரம் அக்கா வாய் வழியாகத்தான் போகும், வரும். அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பதே அவள் நாக்குக்குப் பழக்கமில்லை. பால் சட்டியை மூடினேனா என்று திடீரென்று நினைப்பு வந்தது. மூடின மாதிரியும் இருந்தது, குழந்தைக்குக் கவுன் மாட்டுகிற அவசரத்தில் விட்டுவிட்ட மாதிரியும் இருந்தது. பக்கத்து வீட்டுப் பூனைக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

துணியில் ஒரு பெரிய மாளிகை வந்தது. 'அல்லிமாளிகை மர்மம்' என்று நாலு நாளாக வண்டியில் தமுக்கு அடித்துக்கொண்டு நோட்டீசு வீசினார்கள். ஒன்று வாசலில் வந்து விழுந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஒவ்வொரு பெயராக விரலை வைத்துக்கொண்டு கீழே கீழே வந்தாள். அவர் பெயர் இல்லை. கடைசியில் 'மற்றும் பலர்' என்று இருந்தது. அந்தப் பலரின்மேல் விரலை வைத்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பலர் என்றால் எத்தனை பேரும் இருக்கலாம், அதில் ஒருத்தர் இல்லாமலா போய்விடுவார். நாடகக் கம்பெனியில் அவர் ஆர்மோனியப் பெட்டி வாசிக்கிறவர். மேடைக்கு ஓரத்தில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து ராஜாவுக்கும் மந்திரிக்கும் ராணிக்கும் வாசிப்பார், ஆனால் ஆசை முழுக்க மேடைக்கு நடுவில். கல்கத்தாவில் பேசும் படம் எடுக்கிறார்கள், கம்பெனியோடு கூட்டிக்கொண்டு போகிறார்கள், இந்தத் தடவை பெட்டிக்குப் போகவில்லை, வேஷத்துக்குப் போகிறேன் என்று சொன்னார். அப்போது அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். கயிற்றைப் பிடித்து ராட்டினத்தைச் சும்மா ஆட்டிக்கொண்டே சொன்னார், "நீ கொட்டகைக்கு வந்து துணியைப் பாரு. நான் அதுல இருந்து உன்னைப் பாக்கிறேன்." அவள் சிரித்தாள். அப்படியெல்லாம் பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார், தெரிந்துதான் அவளும் தலையாட்டினாள். இருந்தாலும் இன்றைக்கு மத்தியானம் குழந்தைக்கு எண்ணெய் தடவி, நெற்றியில் கன்னத்தில் பொட்டு வைத்து, தைத்து வைத்திருந்த ரோஸ் கவுனைப் போட்டு, இப்போது பார், அதன் முகத்தைத் துணிப் பக்கமாகவே திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பெற்ற பிள்ளையை அவர் இன்னும் பார்க்கவில்லை. குழந்தைக்குத் தூக்கம் கண்ணைச் சொருகுகிறது. தூங்காதேடி, தூங்கிய மூஞ்சியையா காட்டுவது.

படத்துக் கதை ஒன்றும் கஷ்டமில்லை. அல்லிமாளிகை ஜமீன்தார் செத்துக் கிடக்கிறார், யார் கொன்றது என்று தெரியவில்லை. அவர் மகள் கமலாட்சி ஒற்றையாக அந்தப் பெரிய வீட்டில். சீமைக்குப் போய்ப் படித்த பாரிஸ்டர் ரகுபதி என்று ஒருவன் வருகிறான், மீசை, கோட்டு, தங்கச் சங்கிலி வைத்த கடியாரம். கண்ணே என்கிறான், உன் தகப்பனாரைக் கொன்றவனைக் கண்டுபிடிக்காமல் ஓயமாட்டேன் என்கிறான், ஒரு பாட்டுப் பாடுகிறான். அவளும் ஒரு பாட்டுப் பாடுகிறாள். இருட்டியதும் தோட்டத்தில் கறுப்பு அங்கி போட்ட ஓர் உருவம் நடக்கிறது. தலையோடு மூடியிருக்கிறது, முகமே தெரியவில்லை. முதல் தடவை அது மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தபோது பெண்கள் பக்கம் முழுக்க மூச்சைப் பிடித்தது. சௌந்தரம் அக்கா மட்டும் சிட்டம்மாளின் தொடையில் கிள்ளினாள். "அதுதாண்டி. நம்ம தம்பிதான். நடையைப் பாரு, கூடத்துல நடக்கிற அதே நடை." மாமியார் இல்லாத அந்த வீட்டுக்கு அக்கா வாழ வந்தபோது கொழுந்தனுக்கு ஏழு வயது. அக்காதான் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பினாள். அவன் என்றால் உயிர். "இல்லக்கா" என்று சிட்டம்மாளுக்கு வாய்வரைக்கும் வந்தது. அவர் நடந்தால் வலது தோள் கொஞ்சம் முன்னால் போகும், பெட்டியைச் சுமந்து சுமந்து. அங்கிக்காரனுக்கு இரண்டு தோளும் நேராக இருந்தன. ஆனால் அக்கா முகம் அந்த வெளிச்சத்தில் எப்படி இருந்தது என்று பார்த்ததும் பேச்சு உள்ளேயே இறங்கிவிட்டது. போகட்டும், அங்கியோடே கடைசிவரைக்கும் நடக்கட்டும். முகத்தைக் காட்டாமலே படம் முடிந்துவிட்டால் அவர்தான் என்று எல்லோருமே நம்பிவிடலாம். மூத்தாரும் நம்பிவிடலாம். பக்கத்தில் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த தடித்த அம்மாள் இவர்கள் பக்கமாகச் சாய்ந்தாள். "உங்க ஆளா அது? நான் நேத்தும் பாத்தேன். யாருன்னு சொல்லட்டுமா?" "சொல்லாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் அக்கா. "சரி, அதைச் சொல்லல. ஒண்ணு மட்டும் சொல்றேன், காதைத் தீட்டி வச்சுக்கங்க. இப்பத் தோட்டத்துல ஒரு பாட்டு வரும். நடுவுல ஒருத்தன் இருமுவான். ஆளைக் காட்ட மாட்டான். அவன்தான் ஜமீன்தாரைக் கொன்னவன்னு நேத்து மொதல்ல நெனச்சேன். ஆனா இருமினது யாருன்னு கடைசிவரைக்கும் சொல்லல. அதுக்குத்தான் இன்னிக்கும் வந்தேன்." அக்கா சிரித்தாள். சிட்டம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. இருமலைக் கேட்க இரண்டாம் தடவை டிக்கெட்டு எடுத்திருக்கிறாளே இந்த மனுஷி என்று நினைத்துக்கொண்டே குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

தோட்டம் வந்தது. அட்டையில் செய்த நிலா, கிணற்று மேடு, மேட்டில் கமலாட்சி. ஓரத்தில் தொட்டிகளில் பெரிய இலைச் செடிகள், ஒன்றோடொன்று நெருக்கி வைத்திருந்தார்கள். கமலாட்சி வாயைத் திறக்கும் முன்னால் பெட்டி சுருதி கொடுத்தது. எங்கிருந்து கொடுத்தது? நாடகத்தில் என்றால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள், பார்க்கலாம். இங்கே நிலா இருக்கிறது, கிணறு இருக்கிறது, கமலாட்சி இருக்கிறாள், பெட்டி இல்லை. சத்தம் மட்டும் செடிகள் பக்கத்திலிருந்து வருகிற மாதிரி இருந்தது. முதல் அடியைப் பாடி முடித்தாள். அவள் நிறுத்திய பிறகும் பெட்டியின் கடைசிக் கட்டை ஒன்று கொஞ்சம் நின்று, மனசில்லாமல் எழுந்தது. சிட்டம்மாளின் கை குழந்தையின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது. சின்ன விரல். மற்ற விரல்களெல்லாம் எடுத்த பிறகும் சுண்டு விரலை மட்டும் கடைசிக் கட்டையில் கொஞ்சம் வைத்திருப்பார். கம்பெனி வாத்தியார் அதற்காக எத்தனை தடவை திட்டியிருக்கிறாராம். வீட்டில் மச்சில் உட்கார்ந்து வாசிக்கும்போது கீழே அரிசி களைந்துகொண்டே அந்த விரல் எழுகிறதற்காகக் காத்திருப்பாள், எழுந்த பிறகுதான் அடுத்த தண்ணீர் ஊற்றுவாள். கொட்டகையில் எல்லோரும் கமலாட்சியைப் பார்த்தார்கள், அவள் நகையைப் பார்த்தார்கள், சேலைக் கரையைப் பார்த்தார்கள். இவள் செடியைப் பார்த்தாள். அந்த இலைகளுக்குப் பின்னால் தரையில் சம்மணம் போட்டு, இடது கையால் துருத்தியைத் தள்ளிக்கொண்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு, தெரிந்துவிடக் கூடாது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு. கமலாட்சி இரண்டாவது அடியை இழுத்து முடித்தாள், மூச்சு வாங்க நிறுத்தினாள், விரல் நின்றது, அப்போது இருமல் வந்தது. சின்னதாக இரண்டு. நடுவில் ஒரு மூச்சு. பிறகு வெளியே வரவிடாமல் விழுங்கிக்கொண்ட ஒன்று. செடியில் ஒரு இலை ஆடியது. கமலாட்சியின் கண் ஒரு கணம் அந்தப் பக்கம் போய்த் திரும்பியது, பாடிக்கொண்டே போனாள். "கேட்டீங்களா, கேட்டீங்களா" என்றாள் வெற்றிலை அம்மாள். "ஆமா, எவனோ ஒளிஞ்சிருக்கான்" என்றாள் அக்கா, முறுக்கைக் கடித்துக்கொண்டே. சிட்டம்மாளுக்கு இடது தோளில் சுட்டது. அங்கேதான் அவர் இருமுவார். இராத்திரியில் வந்துவிட்டால் எழுந்து உட்காராமல் வாயை அவள் தோளில், சேலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு இருமுவார், கடைசி இருமலை விழுங்குவார். ஏன் விழுங்குகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டாள். "அண்ணனுக்குக் கேட்டுரும்" என்றார். அண்ணன் கூடத்தில் படுத்திருப்பார். கேட்டால் என்ன என்று அவள் கேட்கவில்லை, அதற்கும் முன்னாலேயே அக்கா சொல்லியிருந்தாள். மாமனார் அப்படித்தான் இருமி இருமிப் போனாராம். முதலில் இரண்டு, பிறகு உள்ளே இழுக்கிற ஒன்று. அக்காதான் கோழை பிடிக்கச் சாம்பல் போட்ட சட்டியை எடுத்துக் கொட்டுவாளாம், சாம்பல் சிவப்பாக இருக்குமாம்.

பாகம் முடிந்து விளக்கு வந்தது. வளையங்கள் உரசின, படுதா மூடியது, மூத்தாரின் தலை மறைந்தது. சோடாக்காரி உள்ளே வந்தாள். எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள். பாரிஸ்டரின் மீசை நிஜமா ஒட்டா, கமலாட்சியின் ஒட்டியாணம் கில்ட்டா பவுனா. இத்தனை பேருக்கு நடுவில் அவளுக்குத் தெரிந்தது ஒருத்திக்குமே தெரியாது. இங்கே யாரைத் தொட்டு, அம்மா, இப்போது இருமினாரே அவர் என் வீட்டுக்காரர் என்று சொல்வது? பெயரைக்கூடச் சொல்ல முடியாது. ஆக அவர் பொய்தான் சொல்லியிருக்கிறார். நல்ல வேஷம் கிடைத்திருக்கிறது, அண்ணன் அவசியம் பார்க்கவேண்டும் என்று கார்டு போட்டாரே. அடியில் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும் என்று இருந்தது. அந்த எல்லோரில் தானும் ஒருத்தி என்று அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். கோபம் வருகிறதா என்று தனக்குள் தேடினாள். வரவில்லை. கல்கத்தாவில் எந்த ஊர்த் தண்ணீரோ, எந்தத் திண்ணையில்லாத வீடோ, தொட்டிச் செடிக்குப் பின்னால் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர், வீட்டுக்கு எழுத உட்கார்ந்தபோது தன்னை எழுப்பி நிற்கவைத்து ஒரு கோட்டு மாட்டிப் பார்த்திருக்கிறார். ஆசைதான். கமலாட்சி கிணற்று மேட்டில் உட்காரும் முன்னால் அவர் ஒருவேளை அந்த மேட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்திருப்பார். சோடா வேணுமாடி என்றாள் அக்கா. வேண்டாம் என்று தலையாட்டினாள். இப்போது எழுந்து படுதாவுக்கு அந்தப் பக்கம் போய்ச் சொன்னால்? சொன்னால் பெட்டிக்காரன் பெட்டிக்காரனாகவே இருந்துகொண்டு ராஜபார்ட்டு என்று புளுகினான் என்று கடைத்தெரு முழுக்கச் சிரிக்கும். சொல்லாமல் இருந்தால் அங்கிக்காரன் இருக்கிறான், கடைசிவரைக்கும் முகத்தைக் காட்டாமல் போனால் அவள் நத்தத்துக்குப் போகவேண்டாம், அப்பன் இரண்டாந்தாரமாகக் கட்டிய சின்னம்மாவின் நாலு பிள்ளைகளுக்கு நடுவில் பாயை விரித்துக்கொண்டு வாழாவெட்டி என்ற பெயரைச் சுமக்க வேண்டாம். ஆனால் சொல்லாமல் இருந்தால் அவர் இருமிக்கொண்டே இருப்பார். அதுதான் அவளைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தது. இந்த அம்மாளுக்கு நேற்றும் இருமினார். இனிமேல் நாளைக்கும் இருமுவார், அப்புறம் பழனிக்குப் போகும் சுருள், உடுமலைக்குப் போகும், போகிற ஊரிலெல்லாம் அதே அடி முடிகிற இடத்தில் இரண்டு இருமி ஒன்றை விழுங்குவார், கூடாமலும் குறையாமலும். ஆனால் இது எப்போதோ பிடித்து வைத்தது. மழைக்கு முன்னாலா, பின்னாலா. அன்றைக்கு அப்படி இருமினவர் இன்றைக்கு எப்படி இருமுகிறார்? ஐப்பசிக்குப் பிறகு கார்டு வரவில்லை. விழுங்க முடிகிறதா இன்னும்? யார் தோளில்? பால் சட்டியை மூடினேனா என்று மறுபடியும் வந்தது, இந்த நேரத்தில் இது எதற்கு வருகிறது என்று தன்மேலேயே எரிச்சல் பட்டாள், குழந்தை அவள் தாலிக்கொடியைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வந்த பாகங்களில் என்ன நடந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. பாட்டுகள் வந்தன. சிலதில் விரல் நின்றது, சிலதில் வேறு யாரோ வாசித்தார்கள். வேறு யாரோ வாசித்த பாட்டுகளில் அவர் எங்கே போனார், வெளியே நின்று இருமிவிட்டு வரப் போனாரா என்று நினைத்தாள். பாரிஸ்டர் ஒருநாள் தனியாக இருக்கும்போது கண்ணாடி முன்னால் நின்று மீசையைக் கழற்றினான். கொட்டகை ஓவென்றது. அவன் பாரிஸ்டரே இல்லை. நிஜப் பாரிஸ்டரைக் கப்பலிலிருந்து கடலில் தள்ளிவிட்டு அவன் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தவன், ஜமீன்தாரைக் கொன்றவனும் அவனே. "பாவிப்பய, கண்ணே பொன்னேன்னானே" என்றாள் அக்கா. சிட்டம்மாளுக்கு அவனைப் பார்த்துப் பயம் வரவில்லை. கோட்டுப் போட்டுப் பொய் சொல்கிறவனை இவ்வளவு பெரிதாகத் துணியில் காட்டுகிறார்கள், செடிக்குப் பின்னால் இருந்துகொண்டு பொய் சொன்னவரை ஓர் இலை மூடிவிட்டது. கடைசியில் மாளிகை நடுக்கூடத்தில் எல்லோரும் நிற்க, கறுப்பு அங்கி மாடிப்படியில் இறங்கி வந்தது. ஒவ்வொரு படியாக. அக்கா சிட்டம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகியது. குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் நிறுத்தி, "பாரு பாரு, அப்பா வருது பாரு" என்றாள். வேண்டாங்கக்கா என்று சிட்டம்மாள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. எடுக்காதே, எடுக்காதே என்று அங்கிக்காரனைக் கும்பிட்டாள். அவன் கையை உயர்த்தி முக்காட்டைப் பின்னால் தள்ளினான். சிவத்த மனிதர், அகலமான தாடை, சுருட்டை முடி. கப்பலிலிருந்து நீந்திப் பிழைத்த நிஜப் பாரிஸ்டர். கமலாட்சி ஓடிப்போய் அவன் காலில் விழுந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவின் பிடி ஒவ்வொரு விரலாக விட்டது. குழந்தை மட்டும் கை தட்டலுக்குச் சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதை மெதுவாகத் திருப்பித் தாயிடம் கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல். "ஏம்மா, இருமினவன் யாருன்னு இன்னிக்கும் சொல்லாமலே முடிச்சுட்டான் பாத்தீங்களா" என்று வெற்றிலை அம்மாள் பெட்டியை மூடிக்கொண்டே கேட்டாள். "அந்தப் பொய்ப் பாரிஸ்டர் அப்ப மாளிகைக்குள்ளதான் நிக்கிறான். நெசப் பாரிஸ்டர் மாடியில. அப்ப இருமினது யாரு? கதை எழுதுனவனுக்கே மறந்துபோச்சு."

வெளியே வெயில் இறங்கியிருந்தது. அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் ஜட்கா நின்றது, வேலாயுதம் குதிரைக்குப் பக்கத்தில் நின்றார். கோபமாக இருப்பார் என்று பயந்துகொண்டு வந்தாள். கோபமாக இல்லை, களைத்திருந்தார், அது இன்னும் பயமாக இருந்தது. "பாத்தாச்சுல்ல" என்றார் மனைவியிடம். "நோட்டீசுலயும் இல்ல, துணியிலயும் இல்ல. நானும் அந்த அங்கிக்காரனாத்தான் இருக்கணும்னு கடைசிவரைக்கும்..." நிறுத்திக்கொண்டார். "அவகிட்டச் சொல்லு, காலையில துணிமணியைக் கட்டி வைக்கட்டும். நானே கொண்டுபோய் நத்தத்துல விட்டுட்டு வர்றேன்." அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பேசிக்கிறலாம்ங்க." "பேச என்ன இருக்கு." சிட்டம்மாள் ஜட்காவுக்கு அந்தப் பக்கம், சக்கரத்தை மறைவாக வைத்துக்கொண்டு நின்றாள். கொட்டகையில் இன்று முழுக்க வாய்க்குள் இருந்த சொல் இன்னும் அங்கேதான் இருந்தது. இப்போது விழுங்கினால் விழுங்கியதுதான். விழுங்குவதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "அக்கா, அவுககிட்டச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தாள், வழக்கப்படிதான் ஆரம்பித்தாள், ஆனால் முகம் அக்கா பக்கம் திரும்பவில்லை. "படத்துல இருக்காரு. வேஷத்துல இல்ல. பெட்டி வாசிக்கிறாரு, செடிக்குப் பின்னால உக்காந்து. அவரு வாசிப்பு எனக்குத் தெரியும்." அக்கா அவள் கையைப் பிடித்து அடக்கப் பார்த்தாள். "விடுங்கக்கா. வேஷம்னு சொன்னது பொய்தான். அதுக்கு என்னைய நத்தத்துல விடுறதுன்னா விடுங்க, நான் போயிர்றேன். ஆனா அவரைப் போய்க் கூட்டிட்டு வந்துருங்க பெரியத்தான். இருமுறாரு. பாட்டுக்கு நடுவுல. உங்க அப்பாவுக்கு இருந்த இருமல்." பெரியத்தான் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொன்ன பிறகு காதெல்லாம் அடைத்துக்கொண்டது, குதிரை வாலை வீசியதும் தெரியவில்லை, தான் மூத்தாரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்பது மட்டும் தெரிந்தது. அவர்தான் கண்ணைத் தாழ்த்தினார். ஜட்காச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு, "எந்தப் பாட்டு?" என்றார். அக்காவிடம் கேட்கவில்லை. "தோட்டத்துப் பாட்டு. கிணத்து மேட்டுல உக்காந்து பாடுறது. ரெண்டாவது அடி முடியிறப்ப." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டிக்கெட்டு விற்கிற ஜன்னல் பக்கம் நடந்தார்.

கொட்டகையின் பக்கத்துச் சுவர் தகரம். உள்ளே பேசுவதெல்லாம் அதில் மோதி ஒரு நடுக்கத்தோடு வெளியே வரும். இரண்டு பேரும் அதை ஒட்டி நின்றார்கள். தோளில் குழந்தை கனத்தது. கோட்டுக்காரன் கண்ணே என்றான், பாடினான். உள்ளே சுருள் மாற்றினார்கள், வளையங்கள் உரசின. இருட்டியது போதும் என்று யாரோ தெரு விளக்கை ஏற்றிவிட்டுப் போனார்கள். அக்கா ஒரே ஒரு தடவை, "நெசந்தானாடி, இல்ல, மனசு போட்டுக் காட்டுதா" என்றாள், பதிலுக்கு நிற்கவில்லை. மனசு போட்டுக் காட்டுகிறதோ என்று சிட்டம்மாளுக்கும் அப்போதுதான் முதல்தடவையாகச் சந்தேகம் வந்தது. ஒரு விரல், ஓர் இருமல். உலகத்தில் யார் இருமவில்லை. இவ்வளவு நாள் தனியாகக் கிடந்தவளுக்கு எந்த இருமல்தான் புருஷன் இருமலாகக் கேட்காது. அப்படியானால் அவர் அங்கேயும் இல்லை. அப்படியானால் எங்கேயும் இல்லை. தகரத்தில் கையை வைத்தாள், பகல் வெயிலின் சூடு இன்னும் கொஞ்சம் இருந்தது. சுருதி எழுந்தது. முதல் அடி. விரல் நின்று எழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது அடியைக் கமலாட்சி இழுத்தாள், இழுத்தாள், முடித்தாள். இரண்டு. மூச்சு. விழுங்கியது. அக்காவின் கை அவள் முதுகில் வந்து அழுந்தியது. "மாமா" என்றாள் அக்கா, செத்துப்போன மாமனாரை, சின்னக் குரலில். உள்ளே கமலாட்சி மூன்றாவது அடியைத் தொடங்கியபோது ஆண்கள் பக்கத்துக் கதவு திறந்தது. பாட்டு முடியக் காத்திருக்கவில்லை அவர். வெளியே வந்து வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார், துண்டின் ஒரு முனை வாயில் அழுந்தியிருந்தது. ஜட்காக்காரனைக் கூப்பிட்டார். "மெட்ராஸ் வண்டி போயிருச்சாய்யா?" "இன்னும் நேரம் இருக்குங்க." "அப்ப இவங்களை வீட்டுல எறக்கிட்டு என்னைய ஸ்டேஷன்ல விட்ரு, கல்கத்தாவுக்குப் போகணும்." பிறகு சிட்டம்மாளின் பக்கம், அவளைப் பார்க்காமல், அவள் தோளில் தூங்கிவிட்ட ரோஸ் கவுனைப் பார்த்து, "பிள்ளைய மூடிக்க ஆத்தா, பனி விழுது" என்றார். அவள் முந்தானையை எடுத்துக் குழந்தையின் தலையில் போட்டாள். வண்டி திரும்பிக் கடைத்தெருவுக்குள் போகும்வரைக்கும் தகரத்துக்கு அந்தப் பக்கம் பெட்டி வாசித்துக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு அடி முடியும்போதும் அந்தச் சின்ன விரல் கொஞ்சம் நின்று, கொஞ்சம் நின்று எழுந்தது.